வாசகர் கேள்வி – பதில்: பனிமலை வேலையும் நம்ம மலை மழையும்

கேள்வி: என் மகனுக்கு ஜப்பானில் ஒரு பனிச்சறுக்கு மையத்தில் குளிர்காலம் முடியும்வரை சேர்லிஃப்ட் (வடத்தில் தொங்கும் கதிரைகளில் ஆட்களை மலைமேல் கொண்டுபோவது) பக்கம் வேலை. ஆட்களை ஏற்றி இறக்குவதுதானாம். பயப்பட ஏதாவது இருக்கிறதா? – வாசகி, ஹட்டன்

பதில்: பயப்பட வேண்டாம். ஆனால் லேசான வேலை என்று நினைத்துப் போகவும் வேண்டாம். ஏற்றும் இடமும் இறக்கும் இடமும்தான் அதிகம் அடிபடும் இடங்கள். வடத்தோடு நிரந்தரமாகப் பூட்டிய கதிரைகள் செக்கனுக்கு ஏறக்குறைய 2 மீற்றர் வேகத்தில், நிற்காமலே வந்து ஆளை ஏற்றும். இன்னொரு வகை, நிலையத்துக்குள் வடத்தை விட்டுக் கழன்று மெதுவாகும்; வெளியே போனால் 5 மீற்றர் வேகம். தன்னுடையது எந்த வகை என்று மகன் முதல் நாளே கேட்டுக்கொள்ளட்டும்.

காலையில் முதல் வேலை மண்வெட்டி வேலைதான். ஏறும் இடத்தில் மிதிபட்டு மிதிபட்டுப் பனி பள்ளமாகும். அப்போது கதிரை உயர்ந்துவிடும், சிறுபிள்ளைக்கு எட்டாது. இரவில் பெய்து மேடானால் கதிரை கெண்டைக்காலில் அடித்து ஆளைச் சாய்க்கும். ஆகவே மட்டம் பார்த்து நிரப்ப வேண்டும், வெட்ட வேண்டும். பிறகு மேலும் கீழும் உள்ள நிறுத்தப் பொத்தான்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்ப்பது, தொலைபேசியைச் சோதிப்பது, ஆளில்லாமல் ஒரு சுற்று ஓட்டித் தூண்களின் உருளைகளில் ஐஸ் பிடித்திருக்கிறதா என்று பார்ப்பது.

பிள்ளை பாதி உட்கார்ந்து பாதி தொங்கினால் ஓடிப்போய் இழுக்கக் கூடாது. முதலில் பொத்தான். மூன்று செக்கன் தயங்கினால் கதிரை 6 மீற்றர் தள்ளிப் போயிருக்கும், தரை கீழே போயிருக்கும். வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள் என்றுதான் புதியவர்கள் தயங்குகிறார்கள். முணுமுணுக்கட்டும். நிறுத்திய லிஃப்டை, நிறுத்தியவர் சரி என்று சொன்ன பிறகுதான் மறுபடி ஓட்ட வேண்டும். ஏறுபவர்களிடம் முதுகுப்பையைக் கழற்றி மடியில் வைக்கச் சொல்வதும் மகனின் வேலைதான். இறங்கும்போது பையின் வார் கதிரையில் மாட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கும்.

மாலையில் கடைசி ஆள் ஏறிய கதிரையின் இலக்கத்தை மேலே சொல்ல வேண்டும். அது வந்து சேரும்வரை மேலே இருப்பவர் நகரவே கூடாது. இதை விட்டால், லிஃப்டை நிறுத்திய பிறகும் ஒருவர் இருட்டில், உறையும் குளிரில் தொங்கிக்கொண்டிருப்பார்.

அடிக்கடி நின்று தொல்லை தருகிறது என்று எந்தப் பாதுகாப்புக் கருவியையும் யாரும் முடக்கினால் மகன் அதற்குத் துணை போகக் கூடாது. இத்தாலியின் மொத்தரோனே மலையில் 2021 மே 23 அன்று இழுவடம் அறுந்தபோது கேபிள் காரின் அவசர பிரேக் வேலை செய்யாதபடி முடக்கப்பட்டிருந்தது. 14 பேர் இறந்தார்கள்.

கேள்வி: அங்கே பனிச்சரிவுக்கு முன்கூட்டியே மலையை மூடுகிறார்களாமே. நம் மண்சரிவுக்கு அப்படி ஏன் முடிவதில்லை? – வாசகர், பண்டாரவளை

பதில்: பனிச்சரிவு பெரும்பாலும் 30 முதல் 45 பாகை சாய்வில் நடக்கும். புதுப்பனி, காற்று கொண்டுவந்து குவித்த பனி, அடியில் ஒட்டாத அடுக்கு: இவற்றைப் பார்த்து, விடியுமுன் சரிவை மூடி, வெடிவைத்துத் தாங்களே இறக்கிவிடுவார்கள். லயன் வரிசைக்கு மேலே நிற்கும் மலையை அப்படி இறக்க முடியுமா? மலையை விட்டுவிட்டு ஆட்களைத்தான் நகர்த்த வேண்டும்.

அதற்கும் அளவு உண்டு. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கில் 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் அவதானம், 100 என்றால் புறப்படத் தயார், 150 என்றால் வெளியேற்றம். ஒரே மணித்தியாலத்தில் 75 பெய்தாலும் வெளியேற்றம்தான். நேராக நிற்கும் பக்கங்களுள்ள ஒரு டின்னை, மரமோ கூரையோ இல்லாத வெட்டையில் வைத்து அடிமட்டத்தால் அளந்தால் போதும். 75 மில்லிமீற்றர் ஏறத்தாழ மூன்று அங்குலம். வாய் குறுகிய போத்தல் பொய்க்கணக்குக் காட்டும். ஊற்றுநீர் திடீரெனக் கலங்கினாலோ நிலத்தில் வெடிப்பு விழுந்தாலோ மரம் சாய்ந்தாலோ டின் நிறையும்வரை காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: நுவரெலியாவில் ஜனவரியில் புல் உறைகிறது. இயந்திரப் பனி போட்டு ஸ்கீ நடத்தலாமா? – வாசகர், நானுஓயா

பதில்: முடியாது. உறைவது தெளிந்த இரவில் தரையோடு ஒட்டிய குளிரில். வெயில் ஏறியதும் கரைந்துவிடும். பனி இயந்திரத்துக்குக் காற்றே, ஈரப்பதத்தையும் கணக்கில் சேர்த்து, பூச்சியத்துக்குக் கீழே இரண்டு பாகையாவது பல மணிநேரம் இருக்க வேண்டும். நீளம் 100 மீற்றர், அகலம் 20 மீற்றர், தடிப்பு 30 சென்ரிமீற்றர் என்று ஒரு சின்னச் சரிவுக்கே 600 கன மீற்றர் பனி வேண்டும். அதற்கு ஏறத்தாழ மூன்று இலட்சம் லீற்றர் தண்ணீர். வறண்ட மாதத்தில் எந்தக் குழாயில் பிடிப்பது?

கேள்வி: எல்லவில் பிள்ளைகளை ஸிப்லைனில் (கம்பியில் தொங்கிச் சறுக்கிப் போவது) ஏற்றலாமா? எதைப் பார்ப்பது? – வாசகி, வெலிமடை

பதில்: பிள்ளையை நிறுத்துப் பார்க்கிறார்களா என்று பாருங்கள். எடை குறைந்தால் நடுவழியில் நின்றுவிடும், கூடினால் முடிவில் பிரேக்கில் போய் மோதும். பிரதான கொக்கியைத் தவிர இன்னொரு தனிப் பிணைப்பு இருக்க வேண்டும். மறுமுனையிலிருந்து பதில் வந்த பிறகுதான் அடுத்த ஆளை விட வேண்டும். முன்னால் போனவர் இன்னும் கழற்றப்படாமல் நிற்கையில் அடுத்தவரை அனுப்பினால் மோதல்தான். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்தில் இடி கட்டும், அதனால் காலையிலேயே போங்கள். இடி கேட்ட பிறகும் ஆள் ஏற்றுகிறார்கள் என்றால், டிக்கட் காசு போனாலும் பிள்ளைகளை இறக்கிக் கூட்டிக்கொண்டு வந்துவிடுங்கள்.