ராக் கேள்வி பதில்: அப்பாவின் ஸ்பீக்கரைத் தூக்கிப் போடாதீர்கள்

கேள்வி: யூடியூப்பில் தனித்தனிப் பாட்டாகவே ராக் கேட்டுப் பழகிவிட்டேன். முழு ஆல்பமாகக் கேட்க எதில் தொடங்கலாம்?
(கல்லூரி மாணவர், சுங்கை சிப்புட்)

பதில்: டீப் பர்ப்பிள் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 'மேட் இன் ஜப்பான்'. யோசிக்கவே வேண்டாம், தம்பி. 1972 ஆகஸ்டில் ஒசாகாவில் இரண்டு இரவும் தோக்கியோவில் ஓர் இரவும் மேடையில் வாசித்ததைப் பதிவு செய்தார்கள். ஜப்பானில் மட்டும் விற்கத்தான் முதலில் திட்டம். இரண்டு இசைத்தட்டு, ஏழே பாட்டு. கடைசிப் பாட்டான 'ஸ்பேஸ் டிரக்கின்' மட்டும் ஒரு பக்கம் முழுவதையும் எடுத்துக்கொள்கிறது.

'ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் வுமன்' பாட்டின் நடுவில் ரிச்சி பிளாக்மோரின் கிட்டாரும் இயன் கில்லனின் குரலும் மாறி மாறிப் போட்டி போடும். இவர் ஒன்று வாசிக்க, அவர் அதையே தொண்டையில் எடுப்பார். இவர் இன்னும் மேலே போக, அவரும் விடமாட்டார். தோட்டத்துக் கோயில் திருவிழாவில் இரண்டு நாதஸ்வரக்காரர்கள் விடிய விடிய மல்லுக்கட்டியதைக் கேட்டு வளர்ந்த காது நம்முடையது. இது நமக்கு அந்நியமாகவே படாது. 'சைல்ட் இன் டைம்' பன்னிரண்டு நிமிடம் ஓடும். ஜான் லார்டின் ஆர்கன் மெல்லத்தான் ஆரம்பிக்கும்; பொறுமையாக இருங்கள், கைப்பேசியை வேறு அறையில் வைத்துவிடுங்கள்.

அப்புறம், நம் மலேசிய ராக்கையும் விடாதீர்கள். சர்ச் (Search) என்ற ராக் குழுவின் 1989 ஆல்பமான 'ஃபெனோமினா'வில் 'இசபெல்லா'வை மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்தவர்கள் மற்றப் பாடல்களையும் கேளுங்கள்.

கேள்வி: அப்பா வைத்திருந்த பழைய ஸ்பீக்கர் ஜோடி, பேஸ் (அடித்தொனி) வரும்போது கரகரக்கிறது. விற்றுவிடச் சொல்கிறார்கள்.
(வாசகி, லூனாஸ்)

பதில்: விற்காதீர்கள், தங்கச்சி! முன்பக்கத் துணியைக் கழற்றி, பேஸ் தரும் பெரிய வட்டமான வூஃபரின் ஓரத்தைச் சுற்றியிருக்கும் வளையத்தை விரலால் மெதுவாகத் தொடுங்கள். கறுப்புத் தூளாக உதிர்ந்தால் அது ஃபோம் வளையம், மக்கிவிட்டது. நம் ஊர்ப் புழுக்கத்தில் ஃபோம் சீக்கிரம் கெட்டுவிடும். ரப்பர் வளையம் நெடுநாள் தாங்கும். வளையம் போனால் வூஃபரின் நடுவில் அசையும் கூம்பு சாய்ந்து, உள்ளிருக்கும் கம்பிச் சுருள் காந்தத்தில் உரசுகிறது. அந்தக் கரகரப்பு அதுதான். ஸ்பீக்கர் சாகவில்லை.

புது வளையம் தனியாகக் கிடைக்கிறது. கூம்பின் விட்டத்தையும் வெளிச்சட்டத்தின் விட்டத்தையும் அளந்து வாங்குங்கள். பழைய பசையை முழுவதும் சுரண்டி எடுப்பதுதான் பாதி வேலை. அதில் அவசரப்பட்டால் மற்றதெல்லாம் வீண். ஒட்டும்போது கூம்பு நடுவில் நிற்க வேண்டும். பசை காய்வதற்குள் இரண்டு பக்கமும் விரல் வைத்து மெல்ல அழுத்திப் பாருங்கள்; உரசும் சத்தம் கேட்டால் உடனே நகர்த்துங்கள்.

சரியானதும் மூலையில் சாத்தி வைக்காதீர்கள். பலகை வீட்டு மூலையில் பேஸ் கும்மென்று வீங்கும், டிரம்ஸின் உதை தெரியாது. சுவரைவிட்டு ஒரு முழமாவது தள்ளி வையுங்கள். ஸ்பீக்கர் இரண்டும் நீங்களும் ஒரு முக்கோணமாக இருக்க வேண்டும். கீச்சொலி தரும் சின்ன ட்வீட்டர் காது உயரத்தில் இருந்தால் நல்லது. பெட்டியை விற்றுப் புதுசு வாங்குவதைவிட இந்த இடமாற்றம் தரும் வித்தியாசம் பெரிது என்று உறுதியாகச் சொல்வேன்.

கேள்வி: தகரக் கூரையில் மழை கொட்டும்போது சத்தத்தைக் கூட்டிக் கேட்கலாமா?
(தாப்பா)

பதில்: வேண்டாம். 85 டெசிபலில் நாளுக்கு 8 மணி நேரம் என்பது அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் சொல்லும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும். மழைக்கு மேலே கிட்டார் கேட்க நீங்கள் எவ்வளவு ஏற்ற வேண்டியிருக்கும் என்று பாருங்கள். மழை விடட்டும்.

கேள்வி: கைப்பேசியில் கேட்க நல்ல ஹெட்போன்?
(பாகான் செராய்)

பதில்: கோஸ் போர்ட்டா புரோ. 1984இல் வந்த வடிவம் இன்றும் விற்பனையில் இருக்கிறது. மின்தடை 60 ஓம்தான் என்பதால் கைப்பேசியே ஓட்டிவிடும். ஆனால் திறந்த வகை. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரரும் கேட்பார். சென்ஹைசர் ஹெச்டி 600 எனக்கு மிகவும் பிடித்தது. அது 300 ஓம், தனி ஒலிபெருக்கிக் கருவி (ஆம்ப்) இல்லாமல் வாங்காதீர்கள்.

கேள்வி: கோலாலம்பூரில் ராக் நிகழ்ச்சிக்குப் போகிறோம். எங்கே நிற்பது?
(நண்பர்கள் குழு, தெலுக் இந்தான்)

பதில்: மேடையை ஒட்டி நிற்க ஆசை வரும், தெரியும். இசையைக் கேட்கத்தான் போகிறீர்கள் என்றால் ஒலிப் பொறியாளரின் மேசைக்குச் சற்று முன்னால் நில்லுங்கள். அவர் காதுக்குச் சரியாக இருப்பதைத்தான் அவர் கலக்குகிறார். காதடைப்பான் ஆளுக்கொரு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள், பஞ்சு போதாது.