ஆஷ்விட்ஸுக்கு அரை நாள் போதுமா?

ஐரோப்பா போகத் திட்டம் போடுகிறவர்கள் நாஜி வதைமுகாம்களைப் பற்றி என்னிடம் கேட்ட கேள்விகளில், அடிக்கடி வந்தவற்றையும் எனக்குப் பிடித்த சிலவற்றையும் இங்கே சேர்த்திருக்கிறேன். நான் ஜெர்மனியில் இருப்பவள். ஊரிலிருந்து வருகிறவர்களை இந்த இடங்களுக்குக் கூட்டிக்கொண்டு போவது வழக்கமாகிவிட்டது. கேட்டவர்களின் பெயர்களை எடுத்துவிட்டேன்.

அக்கா, போலந்தின் கிராக்கோவில் எங்களுக்கு ஒரே ஒரு முழு நாள்தான். காலையில் ஆஷ்விட்ஸ், மதியம் வீலிச்கா உப்புச் சுரங்கம் என்று சேர்த்து ஒரு டூர் இருக்கிறது. எடுக்கலாமா?

வேண்டாம். கிராக்கோவிலிருந்து ஆஷ்விட்ஸ் சுமார் 70 கி.மீ. பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். போக வர மூன்று மணி, வழிகாட்டியோடு சுற்ற மூன்றரை மணி, செக்யூரிட்டி வரிசை தனி. அதன்பிறகு சுரங்கத்தில் ஆரம்பத்திலேயே 380 படி இறங்க வேண்டும். சாயங்காலம் ஓட்டலுக்கு வந்து சேரும்போது கால் வலி மட்டும்தான் நினைவில் இருக்கும்.

இன்னொரு காரணமும் உண்டு. ஆஷ்விட்ஸ் என்பது ஒரே வளாகம் அல்ல. செங்கல் கட்டடங்களும் இரும்பு வாசலும் இருக்கிற முதல் முகாம் ஒன்று. அங்கிருந்து மூன்றரை கி.மீ. தள்ளி இரண்டாவது முகாமான பிர்கெனாவ். இரண்டுக்கும் நடுவே இலவச பஸ் ஓடுகிறது. அவசரத்தில் போகிறவர்கள் முதல் முகாமைப் பார்த்துவிட்டு, பிர்கெனாவ் வாசலில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். ஆனால் கொலைகளில் மிகப் பெரும்பகுதி நடந்தது பிர்கெனாவில்தான். ஆஷ்விட்ஸுக்குக் கொண்டுவரப்பட்ட சுமார் 13 லட்சம் பேரில் 11 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஏறக்குறைய 10 லட்சம் பேர் யூதர்கள்.

ஒரு நாள்தான் என்றால் இரண்டில் ஒன்றை எடுங்கள். சுரங்கத்தை எடுத்தாலும் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

ஆஷ்விட்ஸில் நுழைவு இலவசம் என்கிறார்கள். ஆனால் ஏஜென்ட் தலைக்கு இவ்வளவு யூரோ என்கிறாரே?

உள்ளே போகக் காசு கிடையாது. வழிகாட்டிக்குத்தான் கட்டணம். அருங்காட்சியகத்தின் சொந்த இணையதளத்தில் சுமார் மூன்று மாதத்துக்கு முன்பே பதிவு திறந்துவிடும். கோடைக்காலத்தில் ஆங்கில வழிகாட்டி இடங்கள் வேகமாகத் தீர்ந்துபோகும். மீதமிருப்பதை வாங்கி, பஸ்ஸும் சேர்த்து விற்பதுதான் ஏஜென்ட் செய்வது. அதில் தப்பில்லை, வசதிக்குக் கொடுக்கிற காசு. பதிவு உங்கள் பெயரில் இருக்கும் என்பதால் பாஸ்போர்ட்டைக் கையோடு கொண்டுபோங்கள். சின்னக் கைப்பையைவிடப் பெரிய பை உள்ளே போகாது. ஜனவரி 1, டிசம்பர் 25, ஈஸ்டர் ஞாயிறு மூன்று நாளும் மூடியிருக்கும்.

அப்பா அம்மா மியூனிக்குக்கு வருகிறார்கள், இருவருக்கும் 65 தாண்டிவிட்டது. டாக்காவ் கூட்டிப்போகலாமா?

தாராளமாக. மியூனிக் ஹவுப்ட்பான்ஹோஃபில், அதாவது மத்திய ரயில் நிலையத்தில், எஸ்2 ரயில் ஏறினால் அரை மணிக்குள் டாக்காவ் ஸ்டேஷன். வெளியே 726ஆம் எண் பஸ் முகாம் வாசலுக்கே போகும். தனியாகப் போகிறவர்களுக்கு முன்பதிவு வேண்டாம், நுழைவும் இலவசம். ஒரே தொந்தரவு, அணிவகுப்பு மைதானம் முழுக்கச் சரளைக்கல். செருப்பு வேண்டாம், ஷூ போடச் சொல்லுங்கள்.

டாக்காவ் 1933 மார்ச் 22இல் திறக்கப்பட்டது. ஹிட்லர் ஆட்சிக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. முதலில் உள்ளே அடைக்கப்பட்டவர்கள் கம்யூனிஸ்டுகள், சமூக ஜனநாயகக் கட்சிக்காரர்கள் என்று அரசியல் எதிரிகள். பின்னால் வந்த முகாம்களுக்கெல்லாம் அதுதான் மாதிரி. ஆகவே எப்படி ஆரம்பித்தது என்று புரிய வேண்டுமானால் டாக்காவ்தான் சரியான இடம். மொத்தம் 2 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் அடைபட்டு, 41,500 பேர் இறந்தார்கள். அங்கே ஒரு விஷவாயு அறையும் உண்டு. ஆனால் அதில் கூட்டக்கொலை நடக்கவில்லை என்பதை அங்கேயே எழுதி வைத்திருக்கிறார்கள். படிக்காமல் வந்து, வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிகிறவர்கள் நிறையப் பேர்.

உங்கள் அப்பாவுக்கு வரலாறு பிடிக்குமென்றால் பிணம் எரித்த கட்டடத்தில் ஒரு கல்வெட்டைக் காட்டுங்கள். நான்கு பெண்களின் பெயர் இருக்கும்; ஒன்று நூர் இனாயத் கான். திப்பு சுல்தான் வம்சாவளி, பிரிட்டனுக்காகப் பாரிஸில் ரகசிய ரேடியோ இயக்கியவர். 1944 செப்டம்பர் 13ஆம் தேதி அங்கே சுட்டுக் கொன்றார்கள்.

எங்கள் பிள்ளைகளுக்கு 8, 11 வயது. கூட்டிப்போகலாமா?

ஆஷ்விட்ஸ் நிர்வாகமே 14 வயதுக்குக் கீழே வேண்டாம் என்கிறது. எட்டு வயதுக்குக் கண்டிப்பாக வேண்டாம். பதினொன்றுக்கு ஆம்ஸ்டர்டாமில் ஆன் ஃபிராங்க் இல்லம் நல்ல தொடக்கம்; நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்திருந்தபோது டைரி எழுதிய யூதச் சிறுமி அவள். ஆறு வாரம் முன்னதாகச் செவ்வாய்க்கிழமைகளில் டிக்கெட் விடுவார்கள், அன்றே எடுத்துவிடுங்கள்.

ஆஷ்விட்ஸில் இப்போது இருப்பதெல்லாம் பிறகு கட்டியது என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். எது அசல், எது புதுசு?

நல்ல கேள்வி. அந்த வீடியோக்காரர் பாதி உண்மையைச் சொல்லிவிட்டு மீதியை மறைத்திருப்பார். படுகொலையே நடக்கவில்லை என்கிறவர்களின் முறை அதுதான்.

முதல் முகாமில் உள்ள விஷவாயு அறையும் பிணம் எரித்த அடுப்பும் ஓரளவு மறுபடி அமைக்கப்பட்டவை. 1941, 42இல் அங்கே கொலை நடந்தது. பிர்கெனாவில் பெரிய கட்டடங்கள் வந்ததும் இதற்கு வேலையில்லாமல் போய், முகாம்களை நடத்திய நாஜிகளின் எஸ்எஸ் படை 1944இல் அதை விமானத் தாக்குதல் பதுங்கறையாக மாற்றியது. போருக்குப் பிறகு அருங்காட்சியகம் புகைபோக்கியையும், கிடைத்த அசல் பாகங்களைக் கொண்டு அடுப்புகளையும் திரும்ப நிறுத்தியது. இதை யாரும் மறைக்கவில்லை. வாசலில் 'வேலை விடுதலை தரும்' என்று உள்ள இரும்பு எழுத்துகளும் நகல்தான். அசலை 2009 டிசம்பரில் திருடி மூன்று துண்டாக வெட்டிவிட்டார்கள். மீட்ட பிறகு உள்ளே பாதுகாப்பில் வைத்திருக்கிறார்கள்.

பிர்கெனாவ் வேறு கதை. அங்கே விஷவாயு அறைக் கட்டடங்கள் எதையும் திரும்பக் கட்டவில்லை. ரயில் மேடையின் கோடியில் இரண்டு பக்கமும் இடிந்து கிடக்கிற கான்கிரீட் அந்தக் கட்டடங்களில் இரண்டு, எஸ்எஸ் தானே 1945 ஜனவரி 20இல் வெடி வைத்துத் தகர்த்தது. சோவியத் படை வந்தது 27ஆம் தேதி. தடயத்தை அழிக்கும் வேலையை 1944 கடைசியிலேயே ஆரம்பித்திருந்தும் முழுக்க முடிக்க முடியவில்லை, அதனால்தான் இவ்வளவாவது மிஞ்சியது. பிணம் எரித்த கட்டடங்களில் நான்காவது எண் கொண்டது இடிந்ததற்குக் காரணம் கைதிகள். பிணங்களை எரிக்கும் வேலையில் கட்டாயப்படுத்தி வைக்கப்பட்டிருந்த யூதர்கள் 1944 அக்டோபர் 7இல் கிளர்ந்தெழுந்து அதைக் கொளுத்தினார்கள். ஆயுதத் தொழிற்சாலையில் வேலை செய்த பெண்கள் வெடிமருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடத்திக் கொடுத்திருந்தார்கள். அவர்களில் நான்கு பேரை ஜனவரியில் தூக்கிலிட்டார்கள், விடுதலைக்கு மூன்றே வாரம் இருக்கும்போது. வழிகாட்டிகள் எல்லோரும் அந்த இடம்வரை நடப்பதில்லை. நேரம் இருந்தால் நீங்களே நடந்து போங்கள்.

மரக் கொட்டகைகளில் பெரும்பாலானவை போய், செங்கல் புகைபோக்கிகள் மட்டும் வரிசையாக நிற்கும். நிற்கிற கொட்டகைக்குள் போனால் சுவரில் இரும்பு வளையங்களைத் தேடிப் பாருங்கள். குதிரை கட்டுகிற வளையம். 52 குதிரைகளுக்கான லாயத்தின் வரைபடத்தை அப்படியே எடுத்துக் கட்டி, அதில் 400 பேருக்கு மேல் அடைத்தார்கள். முதல் முகாமின் ஐந்தாவது கட்டடத்தில் பெட்டிகளைப் பாருங்கள்: வெள்ளைப் பெயின்டில் பெயர், ஊர், சிலவற்றில் பிறந்த தேதி. திரும்பக் கிடைக்கும் என்று நம்பி அவரவர் எழுதியது.

போட்டோ எடுக்கலாமா?

ஃப்ளாஷ் இல்லாமல் எடுக்கலாம். முதல் முகாமின் நான்காவது கட்டடத்தில் கைதிகளின் தலைமுடி வைத்திருக்கும் அறையிலும், பதினொன்றாவது கட்டடத்தின் நிலவறையிலும் கூடவே கூடாது. தண்டவாளத்தில் கை விரித்து நடந்து போஸ் கொடுப்பதை நிறுத்துங்கள் என்று அருங்காட்சியகம் 2019இல் வெளிப்படையாகவே கேட்டுக்கொண்டது. நம் ஊர்க்காரர்கள் மட்டும் செய்வதல்ல, எல்லா நாட்டுக்காரர்களும் செய்கிறார்கள்.

பெர்லினில் படிக்கிறேன். பக்கத்தில் என்ன இருக்கிறது?

சாக்ஸன்ஹவுசன். எஸ்1 ரயிலில் ஒரானியன்பர்க் கடைசி ஸ்டேஷன், அங்கிருந்து இருபது நிமிட நடை. நகருக்கு வெளியே உள்ள சி மண்டலமும் சேர்ந்த ஏபிசி டிக்கெட் வேண்டும். ஏபி வைத்துக்கொண்டு போனால் செக்கரிடம் அபராதம் கட்டுவீர்கள். அணிவகுப்பு மைதானத்தைச் சுற்றி வளைவாக ஒரு பாதை போகும். பலவகைக் கற்களும் மண்ணும் மாறி மாறி வரும் தரை. ஷூ கம்பெனிகளின் புது அடிப்பாகம் எவ்வளவு தாங்கும் என்று பார்க்கக் கைதிகளை அதில் நாளெல்லாம் நடக்கவிட்டார்கள். நாஜிகள் போன பிறகு 1950வரை அதே வேலிக்குள் சோவியத்காரர்கள் தங்கள் கைதிகளை அடைத்தார்கள். அதிலும் 12,000 பேர் இறந்தார்கள். அதற்கும் தனிக் காட்சிக்கூடம் உண்டு, தாண்டிப் போய்விடாதீர்கள்.

கூட்டமே இல்லாத இடம் ஏதாவது?

ட்ரெப்ளிங்கா. வார்சாவுக்கு வடகிழக்கே, கார் இருந்தால் நல்லது. அங்கே பார்க்க எதுவுமில்லை என்று சிலர் ஏமாற்றத்தோடு வருகிறார்கள், உண்மைதான். அது அடைத்து வைத்து வேலை வாங்கிய முகாம் அல்ல, கொல்வதற்கென்றே கட்டியது. சுமார் 8 லட்சம் பேரைக் கொன்றுவிட்டு 1943இல் எல்லாவற்றையும் பிரித்து, உழுது, மேலே ஒரு பண்ணை வீடு கட்டிவிட்டார்கள். இப்போது காட்டுக்கு நடுவே 17,000 கற்கள் நட்டிருக்கிறார்கள். சிலவற்றில் ஊர்ப் பெயர்கள் மட்டும். மனிதர் பெயர் செதுக்கியது ஒரே கல்: யானுஷ் கோர்ச்சாக். யூதர்களை அடைத்து வைத்த பகுதியான வார்சா கெட்டோவில் அநாதை இல்லம் நடத்திய டாக்டர். 1942 ஜூலையில் தன் பிள்ளைகளை வைத்துத் தாகூரின் 'தபால் நிலையம்' நாடகத்தை அங்கே போட்டார். அடுத்த மாதமே சுமார் 200 பிள்ளைகளோடு ட்ரெப்ளிங்கா ரயிலில் ஏறினார். அவரை மட்டும் தப்பவைக்கச் சிலர் முயன்றும் மறுத்துவிட்டார்.

கற்களுக்கு நடுவே நடக்க ஒரு மணி நேரம் போதும். ஆனால் படித்துவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் அது வெறும் கல் தோட்டம்.

செத்தவர்கள் இடத்துக்கு டூர் போவது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. போகத்தான் வேண்டுமா?

கட்டாயமில்லை. ஆனால் ஆஷ்விட்ஸை 1947இல் அருங்காட்சியகமாக்கப் பாடுபட்டவர்களும் அதன் முதல் இயக்குநரும் அங்கேயே கைதிகளாக இருந்தவர்கள். டாக்காவ் நினைவிடம் 1965இல் வந்ததும் உயிர்பிழைத்தவர்கள் விடாமல் கேட்டதால்தான். அதுவரை அந்தக் கொட்டகைகளில் அகதிக் குடும்பங்கள் குடியிருந்தன. வரச் சொல்லிக் கூப்பிட்டவர்கள் அவர்கள். சங்கடம் அவர்களுக்கு இல்லை.

கடைசியாக ஒன்று: அம்மாவின் செயினில் ஸ்வஸ்திக் டாலர் இருக்கிறது. கழற்றச் சொல்ல வேண்டுமா?

ஆமாம், கழற்றி ஓட்டலிலேயே வைத்துவிடச் சொல்லுங்கள். ஜெர்மனியில் நாஜிச் சின்னங்களைப் பொது இடத்தில் காட்டுவது குற்றம். மத அடையாளமாக அணிவதை அந்தச் சட்டம் குறிவைக்கவில்லை. ஆனாலும் வதைமுகாம் வாசலில் நின்று காவலாளிக்கு நம் ஊர்ப் பூஜை அறையை விளக்கிக்கொண்டிருக்க முடியாது. தாத்தாவை அங்கே பறிகொடுத்த ஒருவர் பக்கத்தில் நின்றிருந்தால் விளக்கம் எடுபடவும் செய்யாது. பிள்ளையார் டாலர் இருந்தால் அதைப் போட்டுக்கொள்ளட்டும்.