முழு சார்ஜுக்குப் பின் ரீஜென் ஏன் குறைகிறது?

100 சதவீத சார்ஜுடன் கிளம்பும் நாள்களில் மட்டும், ஆக்சிலரேட்டரிலிருந்து பாதத்தை எடுத்தாலும் உங்கள் மின்சாரக் கார் வேகம் குறையாமல் ஓடுகிறது என்றால், அது பெரும்பாலும் மென்பொருள் கோளாறன்று. ரீஜென் என்பது, வேகம் குறையும்போது மோட்டாரே மின்சாரம் தயாரித்து பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும் பிரேக்கிங் முறை. நிறைந்த பேட்டரியில் ரீஜென் தரும் மின்சாரத்தை ஏற்க இடமில்லாததால், கட்டுப்பாட்டு அமைப்பே அதைக் குறைத்துவிடுகிறது. பேட்டரி மிகவும் குளிர்ந்திருந்தாலும் இப்படி நேரும்.

சார்ஜ் வரம்பை இரண்டு நாளைக்கு 80 சதவீதமாக வைத்து, அதே சாலையில் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் மாற்றம் இல்லையென்றால் சர்வீஸ் சென்டரில் காட்டுங்கள்.

ஆனால் எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை பேட்டரி என்றால், கையேடு சொல்லும் இடைவெளியில் 100 வரை ஏற்றத்தான் வேண்டும். அந்த நாள்களில் பிரேக்கைச் சற்று முன்னதாகவே மிதியுங்கள். ரீஜென் குறையும்போது சாதாரண பிரேக்கைத் தானாகச் சேர்த்து ஈடுசெய்யும் வசதியை டெஸ்லா மென்பொருள் வழியாகவே கொடுத்திருக்கிறது. மற்ற நிறுவனங்களிடமும் நாம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான், பெரிய திரையை அன்று.