அலி, டைசனைத் தவிர வேறு எந்தக் குத்துச்சண்டை வீரரின் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ளலாம்?

அலி, டைசன் இருவரையும் விட்டுவிட்டு ஒரே ஒரு தொழில்முறை குத்துச்சண்டை வீரரைச் சொல்லுங்கள், எந்தச் சண்டையிலிருந்து பார்க்கத் தொடங்கலாம் என்றும் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சொல்வது ஜோ ஃபிரேசியர். ஆனால் அலியைத் தொடாமல் இவரைப் பற்றி நாலு வரிகூட எழுத முடியாது. உங்கள் நிபந்தனையை மீறித்தான் ஆக வேண்டும். அந்த மனிதரின் பிழைப்பே அப்படி அமைந்துவிட்டது.

1944 ஜனவரி 12-ல் அமெரிக்காவின் தெற்கு கரோலினாவில், பியூஃபோர்ட் பக்கத்துக் கிராமப்புறத்தில் பிறந்தவர். ஏழை விவசாயக் குடும்பம், வீடு நிறையப் பிள்ளைகள். அப்பா ரூபின் துப்பாக்கிச் சூடு ஒன்றில் இடது கையை இழந்தவர். அதனால் வயல் வேலையில் அப்பாவுக்கு இடது கையாக இருந்தது ஜோதான். அவருடைய சொந்த இடது கைக்கும் ஒரு கதை உண்டு. சிறுவனாக இருந்தபோது வீட்டில் வளர்த்த பெரிய பன்றி ஒன்றைச் சீண்டினார். அது துரத்த, ஓடி விழுந்ததில் கை முறிந்தது. டாக்டரிடம் காட்ட வசதியில்லை. எலும்பு தானாகவே, கோணலாகவே கூடியது. அதன்பிறகு அந்தக் கையை அவரால் முழுதாக நீட்ட முடிந்ததே இல்லை.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், பிற்காலத்தில் உலகமே பயந்த இடது ஹூக் அந்தக் கையிலிருந்து வந்ததுதான். ஹூக் என்பது முழங்கை மடிந்தபடியே, இடுப்பு திரும்பும் வேகத்தில் பக்கவாட்டிலிருந்து தாடைக்கு வருகிற குத்து. மற்றவர்கள் அதற்காகக் கையை மடக்க வேண்டும். இவர் கை எப்போதும் மடிந்தேதான் இருந்தது. சாக்கில் கந்தல் துணி, சோளக்கட்டை, நடுவில் ஒரு செங்கல் எல்லாம் திணித்து மரத்தில் கட்டித் தொங்கவிட்டு, அதைக் குத்திக் குத்தியே வளர்ந்த பையன்.

பதினைந்து வயதில் பஸ் ஏறி நியூயார்க்குக்கு அண்ணன் வீட்டுக்குப் போனார். அங்கிருந்து பிலடெல்ஃபியா. இறைச்சிக்கூடம் ஒன்றில் வேலை. குளிர் அறையில் தொங்கும் மாட்டுச் சடலங்களைக் குத்திப் பழகினார். உடம்பு பெருத்துவிட்டதென்று இளைக்கத்தான் உடற்பயிற்சிக்கூடத்துக்குப் போனார். யான்சி டர்ஹம் என்ற பயிற்சியாளர் கண்ணில் பட்டது அங்கேதான்.

1964 ஒலிம்பிக் தேர்வில் அவர் பஸ்டர் மாத்திஸிடம் தோற்றுவிட்டார். மாத்திஸின் கையில் காயம் என்பதால் மாற்று ஆளாக டோக்கியோ போக வாய்ப்புக் கிடைத்தது. அரையிறுதியில் இடது கட்டைவிரல் முறிந்தது. யாரிடமும் மூச்சுவிடவில்லை. சொன்னால் இறுதிப் போட்டியில் ஆட விடமாட்டார்கள். அந்த விரலோடு ஜெர்மனியின் ஹான்ஸ் ஹூபரை 3-2 என்ற கணக்கில் வென்று தங்கம் வாங்கினார். ஊர் திரும்பியதும் கையில் மாவுக்கட்டு. இறைச்சிக்கூட வேலைக்கும் போக முடியவில்லை. தங்கப் பதக்கம் வீட்டில் இருக்கிறது, கையில் காசு இல்லை.

அப்புறம் நடந்தது விநோதம். பிலடெல்ஃபியாவைச் சேர்ந்த சிலர் ‘குளோவர்லே’ என்று ஒரு நிறுவனம் தொடங்கி, பங்கு ஒன்று 250 டாலர் என்று விற்று, அந்தப் பணத்தில் அவரை வளர்த்தார்கள். ஒரு மனிதனின் முஷ்டியை நம்பிப் பங்கு வாங்குவது நமக்குச் சங்கடமாகத் தோன்றலாம். ஆனால் அந்தக் காலத்து அமெரிக்கக் குத்துச்சண்டையில் கள்ளக் கும்பல்கள் வீரர்களைப் பிடித்து வைத்திருந்ததைப் பார்த்தால், இது எவ்வளவோ கௌரவமான ஏற்பாடு.

இப்போது அலி. வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் 1967-ல் அவருடைய பட்டத்தைப் பிடுங்கிவிட்டார்கள். மூன்றரை வருடம் ரிங்குக்குள் கால் வைக்க முடியவில்லை. அந்த இடைவெளியில் ஃபிரேசியர் 1968-ல் அதே மாத்திஸை வீழ்த்தினார். 1970-ல் ஜிம்மி எல்லிஸை ஐந்தாவது ரவுண்டுக்கு எழுந்து வரவிடாமல் செய்து முழு உலக சாம்பியன் ஆனார். (இந்த எல்லிஸ்தான் 1980-ல் அலியோடு சென்னை வந்து காட்சிப் போட்டி ஆடியவர். பெரியவர்கள் சிலருக்கு நினைவிருக்கும்.) அலி தடையில் கஷ்டப்பட்ட நாட்களில் ஃபிரேசியர் அவருக்குப் பணம் கொடுத்து உதவினார். உரிமத்தைத் திருப்பித் தரும்படி அதிபர் நிக்சன் வரைக்கும் போய்ப் பேசினார்.

அதற்குக் கிடைத்த கைம்மாறு என்ன? இருவரும் மோதுவது என்று ஒப்பந்தம் ஆனதும் அலி அவரை வெள்ளைக்காரர்களின் ஆள் என்றார், அசிங்கம் பிடித்தவன், முட்டாள் என்றார். பிற்பாடு ‘கொரில்லா’ என்றே பெயர் வைத்து, ரப்பர் பொம்மை ஒன்றைப் பத்திரிகையாளர்கள் முன்னால் குத்திக் காட்டினார். டிக்கெட் விற்கத்தான் செய்தார் என்று அலி ரசிகர்கள் சொல்வார்கள். எனக்கும் அலியைப் பிடிக்கும், ஆனால் இந்த விஷயத்தில் அவருக்கு வக்காலத்து வாங்க மாட்டேன். வயல் வேலையும் இறைச்சிக்கூட வேலையும் செய்து மேலே வந்த கறுப்பினத்தவர் ஃபிரேசியர். அவரைப் பார்த்து, அவரைவிட வசதியாக வளர்ந்த இன்னொரு கறுப்பினத்தவர் ‘நீ நம்ம ஆளே இல்லை’ என்றார். பள்ளிக்கூடத்தில் ஃபிரேசியரின் பிள்ளைகளும் இதற்காகக் கேலி வாங்கினார்கள்.

1971 மார்ச் 8, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். இருவருமே அதுவரை தோற்றதில்லை. ஆளுக்கு 25 லட்சம் டாலர். அந்தக் காலத்தில் கேட்டால் தலை சுற்றும் தொகை. பாடகர் ஃபிராங்க் சினாட்ரா ரிங் ஓரத்தில் பத்திரிகைக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

உயரம் என்று பார்த்தால் ஃபிரேசியர் ஆறடிக்குச் சற்றுக் கம்மி. அலி ஆறடி மூன்று அங்குலம். தள்ளி நின்றால் அடி வாங்க மட்டுமே முடியும். அதனால் இடுப்பை மடக்கி, தலையை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே எதிராளியின் நெஞ்சுக்குள் புகுந்துவிடுவது அவர் பாணி. புகும் வழியில் இரண்டு மூன்று குத்து வாங்கித்தான் ஆக வேண்டும்.

டர்ஹமுக்குத் துணையாக இருந்த எடி ஃபட்ச் ஒன்றைக் கவனித்து வைத்திருந்தார். அலி வலது கையால் கீழிருந்து மேலே ‘அப்பர்கட்’ குத்தும்போது முதலில் அந்தக் கையைக் கீழே இறக்குவார். இறக்கிய நொடியில் வலது தாடைக்குக் காவல் கிடையாது. அந்தக் கை இறங்கும்போதே ஹூக்கை விடு என்பதுதான் அவர் சொல்லிக்கொடுத்த பாடம். பதினோராவது ரவுண்டில் அலி தள்ளாடினார். பதினைந்தாவதில் ஃபிரேசியரின் ஹூக் தாடையில் விழுந்ததும் அலி மல்லாக்க விழுந்தார். வேறு யாராக இருந்தாலும் அங்கேயே கிடந்திருப்பார்கள். அலி சட்டென்று எழுந்ததும் வியப்புதான். நடுவர், இரண்டு தீர்ப்பாளர்கள், மூவருமே ஃபிரேசியருக்குத்தான் வெற்றி என்றார்கள். அலி தாடையை எக்ஸ்ரே எடுக்கப் போனார். ஜெயித்த ஃபிரேசியரும் அப்புறம் மருத்துவமனையில் படுத்தார்.

அடுத்த மாதம் சொந்த மாநிலமான தெற்கு கரோலினாவின் சட்டமன்றம் அவரைப் பேச அழைத்தது. உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய மறுசீரமைப்புக் காலம் முடிந்த பின் அந்த அவையில் பேசிய முதல் கறுப்பினத்தவர் அவர்தான். அம்மாவுக்காக அந்தப் பக்கத்திலேயே ஒரு பெரிய பண்ணையும் வாங்கினார். என்னைக் கேட்டால் அவருடைய நல்ல காலம் என்பது இந்த இரண்டு வருடம்தான்.

1973 ஜனவரியில் ஜமைக்காவின் கிங்ஸ்டனில் ஜார்ஜ் ஃபோர்மன் இரண்டே ரவுண்டில் அவரை ஆறு முறை தரையில் தள்ளினார். இது தற்செயல் இல்லை. ஃபிரேசியருக்கு உடம்பு சூடேற இரண்டு மூன்று ரவுண்டு ஆகும். 1966-லேயே ஆஸ்கார் பொனவேனா இரண்டாவது ரவுண்டில் அவரை இரண்டு முறை வீழ்த்தியிருந்தார், அன்று எப்படியோ தப்பித்தார். ஃபோர்மன் அந்த அவகாசத்தைத் தரவில்லை. குனிந்து வந்த தலையைத் தள்ளி நிறுத்தி, கீழிருந்து மேலே குத்தினார். குனிந்து வருகிறவனுக்கு அதைவிட மோசமான குத்து கிடையாது. அதே வருடம் டர்ஹமும் இறந்துபோனார். 1974-ல் அலியுடன் நடந்த இரண்டாவது சண்டையில் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அலி கட்டிப்பிடித்தே நேரத்தைக் கடத்தி ஜெயித்தார்.

மூன்றாவது சண்டை 1975 அக்டோபர் 1-ல் மணிலாவில். அமெரிக்கத் தொலைக்காட்சி நேரத்துக்காகக் காலையில் வைத்தார்கள். அரங்கத்துக்குள் வெக்கை தாங்க முடியவில்லை. இந்த இடத்தில்தான் நான் இன்னொரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். ஃபிரேசியருக்கு இடது கண்ணில் பார்வை ஏறக்குறைய இல்லை. தொழிலுக்கு வந்த புதிதில் பயிற்சியின்போது பட்ட காயம், அப்புறம் கண்புரை. கண் பரிசோதனைப் பலகையில் உள்ள எழுத்துகளை மனப்பாடம் செய்து ஒப்பித்தே டாக்டர்களை ஏமாற்றி வந்தார். ஓய்வு பெற்று வெகுகாலம் கழித்துத்தான் இதை வெளியே சொன்னார். அப்படியென்றால் உலக சாம்பியன் பட்டத்தை வென்றதும் அலியை வீழ்த்தியதும் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு! இதைத் தெரிந்துகொண்ட பிறகு அவருடைய பழைய சண்டைகளைப் பார்த்தால் வேறு மாதிரி தெரியும். அவர் தலையை ஓயாமல் ஆட்டியது பாணிக்காக மட்டும்தானா என்று எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

மணிலாவில் நடு ரவுண்டுகள் ஃபிரேசியருடையவை. பன்னிரண்டாவதுக்குப் பிறகு அவருடைய வலது கண், அதாவது பார்வை உள்ள ஒரே கண், வீங்கி மூட ஆரம்பித்தது. பதிமூன்றில் அலியின் குத்தில் பல்காப்பு பறந்து கூட்டத்துக்குள் விழுந்தது. பதினான்கு முடிந்து மூலைக்கு வந்தவர், வலது கை வருவதே தெரியவில்லை என்றார். ஃபட்ச் ரிங்கில் அடிபட்டுச் செத்தவர்களைத் தன் கண்ணால் பார்த்தவர். சண்டையை நிறுத்தினார். ஃபிரேசியர் எழப் பார்த்தார். ஃபட்ச் தோளில் கை வைத்து, “உட்காருப்பா, முடிஞ்சுபோச்சு. இன்னிக்கு நீ செஞ்சதை யாரும் மறக்க மாட்டாங்க” என்ற பொருளில் சொன்னது குத்துச்சண்டை ரசிகர்கள் எல்லோருக்கும் தெரியும். எதிர் மூலையில் அலியும் நிற்க முடியாத நிலை. சாவுக்கு மிகப் பக்கத்தில் போய்வந்தது போல இருந்தது என்று பிறகு அவரே சொன்னார். இன்னும் மூன்று நிமிடம் விட்டிருக்கலாமே என்று இன்றைக்கும் சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். கண் தெரியாதவனை அலி முன்னால் மூன்று நிமிடம் நிறுத்தச் சொல்பவர்களிடம் என்ன பேசுவது?

மொத்தக் கணக்கு 37 சண்டை, 32 வெற்றி, அதில் 27 நாக் அவுட், 4 தோல்வி, ஒரு டிரா. அந்த நான்கும் அலியிடமும் ஃபோர்மனிடமும் மட்டுமே, ஆளுக்கு இரண்டு.

ஓய்வுக்குப் பிறகு பிலடெல்ஃபியாவின் நார்த் பிராட் தெருவில் தன் பெயரில் இருந்த பயிற்சிக்கூடத்தை நடத்தினார். கடைசிக் காலத்தில் அதன் மாடியிலேயே குடியிருந்தார். அங்கே பையன்களுக்குக் கற்றுக்கொடுத்தது பெரிய சேவை. ஆனால் சொந்த மகன் மார்விஸ் விஷயத்தில் அவர் செய்தது சரியில்லை. நல்ல வேகமும் நுட்பமும் உள்ள பையனைத் தன்னைப்போலவே முன்னேறிப் புகுந்து அடிக்கப் பழக்கினார். பத்தே பத்துச் சண்டை அனுபவத்தோடு 1983-ல் லாரி ஹோம்ஸ் முன்னால் நிறுத்தினார். முதல் ரவுண்டிலேயே முடிந்தது. 1986-ல் டைசன் முன்னால், 30 நொடி. மகள் ஜாக்கி வழக்கறிஞர். 2001-ல் அலியின் மகள் லைலாவோடு மோதி, எட்டு ரவுண்டு நின்று புள்ளிகளில் தோற்றார். பிற்பாடு நீதிபதி ஆனார்.

பணம்? ஃபோர்மன் 1999-ல் சமையல் கிரில்லுக்குத் தன் பெயரைப் பயன்படுத்தும் உரிமையை 13.75 கோடி டாலருக்குக் கொடுத்தார். அலி 2006-ல் தன் பெயர், உருவ உரிமையில் 80 சதவீதத்தை 5 கோடி டாலருக்கு விற்றார். ஃபிரேசியரிடம் விற்க அப்படி எதுவும் இல்லை. பேசத் தெரியாது, சிரித்து வியாபாரம் செய்யத் தெரியாது. வன்மமும் இருந்தது. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் நடுங்கும் கையோடு அலி தீபம் ஏற்றியபோது, உலகமே கலங்கியது. இவர் அந்த நெருப்பிலேயே அவரைத் தள்ளிவிட்டிருப்பேன் என்றார். 2001-ல் அலி பத்திரிகை வழியாக மன்னிப்புக் கேட்டார். ஃபிரேசியர் ஒரு நாள் ஏற்றுக்கொண்டேன் என்பார், இன்னொரு நாள் பழையபடி பேசுவார். அதை நான் குறையாகப் பார்க்கவில்லை.

2011 நவம்பர் 7-ல் கல்லீரல் புற்றுநோயால் இறந்தார், வயது 67. இறுதிச் சடங்குக்கு உடம்பு முடியாத அலியும் வந்திருந்தார். பிலடெல்ஃபியாவில் சினிமாக் குத்துச்சண்டை வீரன் ராக்கிக்கு அதற்கு வெகுகாலம் முன்பே சிலை இருந்தது. மாட்டிறைச்சியைக் குத்துவது ஃபிரேசியரிடமிருந்து அந்தப் படத்துக்குப் போன விஷயம். அவரே ஒரு காட்சியில் தலைகாட்டவும் செய்திருக்கிறார். நிஜ சாம்பியனுக்கு அந்த ஊர் சிலை வைத்தது 2015-ல், இறந்து நான்கு வருடம் கழித்து.

எங்கே தொடங்குவது என்றால், 1971 சண்டையைத் துண்டு துண்டாக இல்லாமல் முழுதாகப் பாருங்கள். முதல் மூன்று ரவுண்டு அலி கை ஓங்கியிருக்கும், பொறுமையாக இருங்கள். பதினொன்றையும் பதினைந்தையும் திரும்பப் போட்டு, அலியின் வலது கை இறங்குவதை மட்டும் கவனியுங்கள். அடுத்து 1970 எல்லிஸ் சண்டை, ஃபிரேசியர் முழு வேகத்தில் இருந்தது அதில்தான். மணிலாவை அதற்குப் பிறகு பார்க்கலாம். கிங்ஸ்டன் சண்டையை முதலில் பார்த்துவிடாதீர்கள். அதை மட்டும் பார்த்துவிட்டு ஃபிரேசியர் சும்மா என்று முடிவு கட்டியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.