மே மாதத்தில் கோடியக்கரையில் பூநாரை பார்க்க முடியுமா?

மே விடுமுறையில் குழந்தைகளுக்குப் பூநாரை காட்டக் கோடியக்கரை போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து தள்ளிப்போடுங்கள். வலசைப் பறவைகளில் பெரும்பாலானவை கோடைக்குள் கிளம்பிவிடும். டிசம்பர், ஜனவரிதான் ஏற்ற காலம்.

முந்தின இரவு வேதாரண்யத்தில் தங்கி, விடியற்காலையிலேயே சரணாலயத்துக்குப் புறப்படுங்கள். புல்வெளியில் வெளிமான்கள் மேயும் நேரம் அது. கிடாவின் கருத்த முதுகும் வெள்ளை வயிறும் முறுக்கிய கொம்பும் இளவெயிலில் அவ்வளவு அழகு! படமெடுக்கத் துரத்தாதீர்கள், பாவம், மிரண்டு ஓடும்.

பைனாகுலர் கட்டாயம் வேண்டும். பூநாரைகள் தொலைவில், ஆழமில்லாத உப்புநீரில் அலகைத் தலைகீழாக நுழைத்து இரை தேடும். வெறுங்கண்ணுக்கு இளஞ்சிவப்புக் கோடாகத்தான் தெரியும்; குழந்தைகள் ஏமாந்துவிடுவார்கள். குடிநீரையும் கையோடு கொண்டுபோங்கள்.