7 வயதில் பாதி முளைத்து நிற்கும் கடவாய்ப் பல்

அம்பை அக்கா, மகனுக்கு மேல்தாடையில் இடது பக்கம் புதுக் கடவாய்ப் பல்லின் பின்முனை மட்டும் தெரிகிறது, அதற்கு முன்னால் இருக்கும் பால் பல்லைப் பிடுங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட்டுப் பிடுங்க வேண்டாம். என் மகளுக்கும் இதேதான். 6 வயதில் வர வேண்டிய பல் முன்னால் சாய்ந்து, கடைசிப் பால் கடவாய்ப் பல்லின் அடியில் மாட்டிக்கொண்டு அதன் வேரை அரித்திருந்தது, எக்ஸ்ரேயில் அந்த வேர் ஓரம் கடித்த கருப்பட்டி மாதிரி தெரிந்தது. சிலருக்குத் தானாகவே விடுபட்டு இறங்கிவிடும், இல்லையென்றால் இரண்டு பல்லுக்கும் நடுவே சின்ன ரப்பர் வளையமோ பித்தளைக் கம்பியோ போட்டு புதுப் பல்லை மெல்லப் பின்னால் தள்ளுவார்கள். பால் பல் முந்தியே போனால் புதுப் பல் முன்னால் நகர்ந்து அந்த இடத்தை அடைத்துவிடும், அப்புறம் 10, 12 வயதில் அங்கே முளைக்க வேண்டிய பல்லுக்கு இடமே இருக்காது. பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு பெரியாஸ்பத்திரி பல் பிரிவில் இந்த வாரமே காட்டிவிடுங்கள், சரியா?