விரல் ரேகைக்கு 1,500 ரூபாயா?

கேள்வி: கேரளத்தில் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தமிழ்வழிப் பள்ளியில் என் மகள் 8ஆம் வகுப்பு படிக்கிறாள். பள்ளி நாளானால் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிடுகிறாள். ஞாயிறன்று வலியே இல்லை. டாக்டர் சோதித்துவிட்டு உடம்பில் ஒன்றுமில்லை என்கிறார். பள்ளியில் ஒரு தனியார் நிறுவனம் 'மனவலிமைப் பயிற்சி' நடத்தப்போகிறதாம். விரல் ரேகைப் பரிசோதனையும் சேர்த்து 1,500 ரூபாய். கட்டலாமா? கவுன்சலரிடம் அனுப்பினால் பிள்ளையின் பெயர் கெட்டுவிடாதா?

பதில்: பணம் கட்டாதீர்கள் அம்மா. மற்றதை அப்புறம் பேசலாம்.

விரல் ரேகை தாய் வயிற்றிலேயே அமைந்துவிடுவது. 13 வயதுப் பிள்ளை எதற்குப் பயப்படுகிறாள் என்பது அதில் எப்படித் தெரியும்? ஒரே வகுப்பில் படிக்கும் இரண்டு பிள்ளைகளின் 'ரிப்போர்ட்'டை ஒரு தகப்பனார் என்னிடம் கொண்டுவந்தார். பத்தி பத்தியாக ஒரே வாசகம். ஏழாம் பக்கத்தில் பெயரை மாற்ற மறந்து, இவர் பையனின் ரிப்போர்ட்டில் அந்தப் பெண்ணின் பெயர் கிடந்தது! இந்த ஏஜெண்டுகள் முதலில் இலவசக் கூட்டம் போடுவார்கள், பெற்றோரைப் பயமுறுத்துவார்கள், 'இன்றே கட்டினால் சலுகை' என்பார்கள். கண்ணைக் கட்டிக்கொண்டு படிக்கவைக்கிறோம் என்று வருபவர்களும் இதே ரகம்தான். பிள்ளை மூக்கோரத்துச் சந்து வழியாகப் பார்க்கிறது, அவ்வளவுதான். பள்ளி வளாகத்தில் நடக்கிறது என்பதாலேயே அரசு ஏற்பாடு என்று நினைத்துவிடாதீர்கள்.

சரி, வயிற்று வலி. இன்று மாலை அவள் வந்ததும் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் பாருங்கள். காலையில் நிரப்பியது அப்படியே திரும்பி வருகிறதா? அப்படியென்றால் பள்ளிக் கழிப்பறைக்குப் போகப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருக்கிறாள். மாதவிடாய் தொடங்கும் வயதில் இது சாதாரணமாக நடப்பது. அடக்கி அடக்கி மலச்சிக்கல், நீர்க்கடுப்பு எல்லாம் வரும். காலை வலிக்குப் பாதிக் காரணம் அங்கேயே இருக்கலாம். கேரளத்தில் 2019இலேயே பள்ளிகளில் தண்ணீர் குடிக்க நினைவூட்டும் 'வாட்டர் பெல்' அடிக்க ஆரம்பித்தார்கள். நல்ல காரியம். குடித்த பிள்ளை போகிற இடத்தில் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்க்க எந்த பெல் அடிக்கும்?

பாட்டில் காலியாகத்தான் வருகிறது என்றால், வகுப்பில் யாரோ, ஏதோ அவளைப் பயமுறுத்தலாம். அதைச் சொல்லவைக்க ஆள் வேண்டும். 2020இல் தொடங்கிய மத்திய அரசின் பள்ளி சுகாதாரத் திட்டத்தில் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சி. மனநலமும் அதில் ஒரு பாடம், கட்டணம் கிடையாது. அந்த இரண்டு பேர் யார் என்று தலைமையாசிரியரிடம் கேளுங்கள். நான் பார்த்த பள்ளிகளில் அந்தப் பீரியடைக் கணக்கு டீச்சர் கடன் வாங்கிவிடுவார். கையேடு மலையாளத்தில் வரும், தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆசிரியர் வாய்மொழியாகப் பெயர்த்துச் சொல்வார். பயத்தை இரண்டாவது மொழியில் எந்தப் பிள்ளை சொல்லும்? அதனால் தமிழ் பேசும் கவுன்சலர்தான் வேண்டும் என்று கூசாமல் கேளுங்கள். கிடைக்காவிட்டால் அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி-மானஸின் 14416 எண்ணுக்கு அழைத்துத் தமிழைத் தேர்ந்தெடுங்கள். 24 மணி நேரமும் இலவசம்.

கவுன்சலரைப் பார்த்தது டி.சி.யில் ஏறாது. அவள் சொன்னதை அவர் ஊருக்குச் சொல்லவும் கூடாது.

இதற்கு முக்கியமான விலக்கு ஒன்று உண்டு. யாராவது அவளிடம் பாலியல் ரீதியாகத் தப்பாக நடந்தது தெரியவந்தால் போலீசுக்குச் சொல்லியே ஆகவேண்டும். இது 2012 போக்சோ சட்டம். தலைமையாசிரியர் 'நமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்' என்றாலும், நீங்களே 'வெளியே தெரிய வேண்டாம்' என்று அழுதாலும் கவுன்சலரால் மறைக்க முடியாது. மறைத்தால் அவர் மேல்தான் வழக்கு. அவர் போலீசுக்குச் சொன்னால் துரோகம் செய்துவிட்டார் என்று நினைக்காதீர்கள்.

பேசுவதைப் பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்தில் வைக்காதீர்கள். சனிக்கிழமை மாலை, தலை பின்னிவிடும்போது கேளுங்கள். முகத்தைப் பார்க்க வேண்டியிராது, சொல்வது அவளுக்குச் சுலபம்.